குடியிருத்தலும் பழகுதலும்: ஓர் ஒல்லாந்த வினைச்சொல் எழுப்பும் அறவினா

மனிதனொருவன் ஓரிடத்தில் இருக்கின்றான் என்பதும், அவன் அவ்விடத்திற் குடியிருக்கின்றான் என்பதும் ஒன்றல்ல. சிறைக்கூடத்திற் பத்தாண்டுகளைக் கழித்தவன் அங்கே இருந்தான். குடியிருந்தான் என்று எவரும் சொல்வதில்லை. வைத்தியசாலைக் கட்டிலிற் பல மாதங்கள் கிடந்த நோயாளியைப் பற்றியும் அவ்வாறு சொல்வதில்லை. ஆனால், ஒரு கிழமைக்கு முன்னர் வாடகை அறையொன்றிற் புகுந்த மாணவன், தான் இன்ன வீதியிற் குடியிருப்பதாகத் தயக்கமின்றிக் கூறுகின்றான். காலத்தின் நீளம் இவ்வேறுபாட்டை விளக்கவில்லை. கூரையும் சுவரும் விளக்கவில்லை. அவ்வாறாயின், இருத்தலோடு எது சேரும்போது அது குடியிருத்தல் ஆகின்றது? மேலோட்டமாக நோக்குமிடத்து இது சொற்பொருள் பற்றிய வினாவாகத் தோன்றலாம். உண்மையில் இஃது ஓர் அறவினா ஆகும். யாரை ஓரிடத்திலிருந்து எழுப்பலாம், யாருக்கு ஓரிடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், யாருக்கு இடமளிக்கக் கடமைப்பட்டுள்ளோம் என்பனவெல்லாம் இதற்கு அளிக்கப்படும் விடையிலேயே தங்கியுள்ளன.

இவ்வினாவை ஆராய்வதற்கு ஒல்லாந்த மொழியிலுள்ள 'வோனன்' என்னும் வினைச்சொல் நல்லதொரு வாயிலாக அமைகின்றது. தமிழில் 'வாழ்தல்' என்பது உயிரோடிருத்தலையும் ஓரூரில் வசித்தலையும் ஒருங்கே குறிக்கும். ஒல்லாந்தர் இவ்விரண்டையும் கண்டிப்பாகப் பிரித்துள்ளனர். உயிர்வாழ்தல் 'லேவன்'; குடியிருத்தல் 'வோனன்'. இலக்கண அமைப்பில் இவ்வினை மிக எளியது. தன்மை ஒருமையில் 'வோன்', படர்க்கை ஒருமையில் 'வோன்ட்', இறந்தகாலத்தில் 'வோன்டெ', முற்றெச்ச நிலையில் 'கெவோன்ட்' என வரும். வேர் எவ்விடத்தும் திரிவதில்லை; விகுதிகள் மட்டுமே மாறும். ஐரோப்பிய மொழிநூலார் இத்தகையவற்றை மெல்வினைகள் என்பர். அடிக்கடி வழங்கும் வினைகள் பல விதிவிலக்குகளால் நிறைந்திருக்க, அன்றாடம் வழங்கும் இவ்வினையோ ஒழுங்கு பிறழாது நிற்கின்றது.

இச்சொல்லின் வரலாறு சுவையானது. பழைய ஜேர்மானிய மொழிகள் அனைத்திலும் இதன் உறவுச் சொற்கள் காணப்படுகின்றன. பழைய ஆங்கிலத்தில் 'வுனியன்' என்பது தங்குதல், நிலைத்திருத்தல், பழகிப்போதல் ஆகிய மூன்று பொருளையும் தந்தது. பழைய நோர்ஸ் மொழியில் 'ஊன' என்பது மனநிறைவோடிருத்தலைக் குறித்தது. நான்காம் நூற்றாண்டில் ஊல்பிலாவின் பெயரோடு தொடர்புடையதாக எழுந்த கோதிக் விவிலிய மொழிபெயர்ப்பில், மனக்கலக்கமுற்ற ஒருவனைக் குறிக்க 'உன்வுனன்ட்ஸ்' என்னும் எதிர்மறைச் சொல் ஆளப்பட்டுள்ளது. அமைதியிழந்தவன், நிலைகொள்ளாதவன் என்பது அதன் பொருள். இவற்றுக்கெல்லாம் அடியில் மொழிநூலார் 'வென்' என்னும் இந்தோ ஐரோப்பிய வேரைக் காண்பர். விரும்புதல், நாடுதல், முயன்று பெறுதல் என்பன அவ்வேரின் பொருள்கள். இலத்தீனில் காதற்றெய்வத்தின் பெயராகிய வீனஸ் இவ்வேரிலிருந்தே பிறந்தது. வடமொழியில் விரும்பப்பட்டவள் என்னும் பொருளில் எழுந்து தமிழிலும் பயின்றுவரும் 'வனிதை' என்பதும் இவ்வேரினதே. ஒன்றை விரும்புதல், விரும்பியதில் நிறைவடைதல், நிறைவடைந்ததோடு பழகிப்போதல், பழகிய இடத்தில் நிலைத்திருத்தல் என்ற படிமுறையிலேயே இவ்வினை குடியிருத்தலை வந்தடைந்தது.

ஒல்லாந்த மொழிக்குள்ளேயே இச்சொல்லின் குடும்பம் பெரிது. 'வென்னன்' என்பது பழகிக்கொள்ளுதல். 'வெர்வென்னன்' என்பது அளவுக்கு மீறிச் செல்லங் கொடுத்துக் கெடுத்தல். 'கெவோன்தெ' என்பது வழமை. 'கெவோன்' என்பது சாதாரணமானது. புதியதோர் ஊருக்குச் சென்றவனிடம் பழகிவிட்டதா என்று வினவும் சொல்லும், அவன் எங்கே குடியிருக்கின்றான் என்று வினவும் சொல்லும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். முன்னொட்டுகள் சேரும்போது பொருள் மேலும் விரியும். 'இன்வோனன்' என்றால் பிறர் வீட்டில் ஒட்டிக் குடியிருத்தல். 'சாமன்வோனன்' என்றால் மணவினையின்றி இணைந்து வாழ்தல். 'பெய்வோனன்' என்றால் ஒரு கூட்டத்துக்கோ விரிவுரைக்கோ சமுகமளித்தல். பொறுப்பின்றிக் குடியிருந்து பாழாக்கப்பட்ட வீட்டை 'ஓய்ட்கெவோன்ட்' என்பர். குடியிருந்தே தீர்க்கப்பட்டது என்று அதனைப் பொருள்கொள்ளலாம். குடியிருத்தல் ஓரிடத்தை வளர்க்கவும் கூடும், தின்று தீர்க்கவும் கூடும் என்ற அறிவு இச்சொற்களிலே பொதிந்துள்ளது.

வழமையைக் குறிக்கும் சொல் சட்டத்துள்ளும் நுழைந்தது. எழுதப்படாத வழமையிலிருந்து பிறக்கும் சட்டத்தை ஒல்லாந்தர் 'கெவோன்தெறெக்ட்' என்பர். யாழ்ப்பாணத்தை 1658 முதல் ஆண்ட ஒல்லாந்தர், அந்நாட்டு மக்களின் வழமைகளைத் தமது அலுவலரான கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரைக் கொண்டு தொகுப்பித்து 1707இல் நடைமுறைப்படுத்தினர். தேசவழமை என்னும் அச்சட்டத்தின் பெயரிலேயே வழமை நிற்கின்றது. அவர்கள் விட்டுச்சென்ற 'கந்தோர்' என்னும் சொல் ஈழத்துத் தமிழர் நாவிற் பழகிப்போனது. பழகிய ஒன்று காலப்போக்கில் உரிமையாக மாறும் என்ற எண்ணம் ஒல்லாந்தருக்கும் புதிதன்று, அவர் ஆண்ட மக்களுக்கும் புதிதன்று.

பிற மொழிகள் இதே செயலை வேறு கோணங்களிற் கண்டுள்ளன. இலத்தீனின் 'ஹபிற்றாரே' என்னும் வினை, உடைமை கொள்ளுதலைக் குறிக்கும் 'ஹபேரே' என்பதிலிருந்து பிறந்தது. அங்கே குடியிருத்தல் என்பது ஓரிடத்தைத் தொடர்ந்து கையில் வைத்திருத்தலாகும். ஆங்கிலத்தின் 'டுவெல்' என்னும் சொல் பண்டு வழிதவறச் செய்தல், தாமதித்தல் எனப் பொருள்பட்டது. ஒல்லாந்தரின் 'டுவாலன்', அதாவது வழிதவறி அலைதல், அதன் உறவுச்சொல்லே. கிரேக்கரின் 'ஏதொஸ்' முதலில் விலங்குகள் வழமையாகத் தங்கும் இடத்தையும், பின்னர் வழக்கத்தையும், அதன்பின் ஒருவனது பண்பையும் குறித்து, ஈற்றில் ஒழுக்கவியல் என்னும் துறைக்கே பெயர் தந்தது. தமிழில் 'வீடு' என்பது விடுதல் என்னும் வினையடியாகப் பிறந்து, உறைவிடத்தையும் பற்றற்ற விடுதலையையும் ஒருசேரச் சுட்டுகின்றது. ஒரு மொழிக்குக் குடியிருத்தல் உடைமை, இன்னொன்றுக்குத் தாமதம், மற்றொன்றுக்கு விடுபாடு, ஒல்லாந்த மொழிக்கோ அது விருப்பம் முதிர்ந்த பழக்கம்.

எனினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பது, அச்சொல் சுட்டும் பொருள் எவ்வாறிருக்க வேண்டும் என்பதற்குச் சான்றாகாது. 'டுவெல்' பண்டு வழிதவறுதலைக் குறித்தமையால் ஆங்கிலேயர் அனைவரும் வழிதவறியவர் ஆகிவிடமாட்டார். சொல்வரலாறு ஒரு நியாயத்தை நிறுவுவதில்லை. கவனிக்கத் தவறிய ஒன்றைச் சுட்டிக்காட்டுவதே அதன் பணி. 'வோனன்' சுட்டிக்காட்டுவது, குடியிருத்தலில் உடைமையின் வேறான ஒரு கூறு உண்டு என்பதை. அக்கூறு உரிமையை ஈட்டவல்லதா என்பதைச் சொற்களுக்கு வெளியே, மனிதரின் வரலாற்றிலேயே தேடவேண்டும்.

நெதர்லாந்தின் கடந்த நூற்றாண்டு வரலாறு இதற்குப் போதிய சான்றுகளைத் தருகின்றது. 1901இல் அந்நாடு 'வோனிங்வெட்' எனப்படும் வீடமைப்புச் சட்டத்தை இயற்றியது. நகரத் தொழிலாளர் இருளும் ஈரமும் நிறைந்த நிலவறைகளிலும் ஒற்றை அறைகளிலும் நெருங்கிக் கிடந்த காலம் அது. அச்சட்டத்தின்கீழ் நகரசபைகள் கட்டட விதிகளை வகுக்கக் கடமைப்பட்டன. தகுதியற்ற வீடுகளைக் குடியிருக்கத் தகாதவை எனப் பிரகடனஞ் செய்யும் அதிகாரமும் பெற்றன. வாடகை தரும் உடைமையாளன் ஒருவன் இருந்தும், வாடகை கொடுத்து உள்ளே கிடக்கும் குடும்பமொன்று இருந்தும், அங்கே நிகழ்வது குடியிருத்தல் அன்று என்று ஓர் அரசு கூறத் துணிந்தது. 1983இல் திருத்தியமைக்கப்பட்ட அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, போதிய குடியிருப்பு வாய்ப்பை மேம்படுத்துவது அரசின் கவனத்துக்குரிய பொருள் என வகுத்தது.

இதனினும் கூர்மையாக இவ்வினாவை எழுப்பியோர் வெற்று வீடுகளிற் புகுந்து குடியமர்ந்தோராவர். 1971இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், 'வீட்டமைதி' எனப்படும் பாதுகாப்பு உண்மையில் வீடாகப் பயன்படுத்தப்படும் இடத்துக்கே உரியது எனத் தீர்ப்பளித்தது. எவரும் குடியிராது பூட்டிக் கிடக்கும் கட்டடத்திற் புகுந்தவர்கள் அக்குற்றத்தைப் புரிந்தோராகார். 1980 ஏப்ரில் 30ஆம் நாள் அரசி பேயாற்றிக்ஸ் அம்ஸ்டர்டாமில் அரியணை ஏறியபோது, வீடில்லையேல் முடிசூட்டலும் இல்லை என்னும் பொருள்படும் முழக்கத்தோடு வீதிகளிற் பெருங்கலகம் மூண்டது. ஒல்லாந்த மொழியில் வீட்டைக் குறிக்கும் 'வோனிங்' என்பதும் முடிசூட்டலைக் குறிக்கும் 'குறோனிங்' என்பதும் எதுகையில் இயைவன. 2010 ஒக்ரோபர் முதலாந் திகதி முதல் இவ்வாறு குடிபுகுவது குற்றமாக்கப்பட்டது. சட்டம் ஒருபால் சாய்ந்துவிட்டதாயினும் அறவினா தீர்ந்துவிடவில்லை. ஒருவனிடம் வீடு இருக்கின்றது, அவன் அங்கே குடியிருப்பதில்லை; இன்னொருவன் அங்கே குடியிருக்கின்றான், வீடு அவனுடையதன்று. இலத்தீன் வினை முன்னவனுக்குச் சார்பாகவும் ஒல்லாந்த வினை பின்னவனுக்குச் சார்பாகவும் பேசுவதுபோற் தோன்றுகின்றது.

இவ்விடத்தில் நின்றுவிட்டால் விடை எளிதாகிவிடும். உடைமை வெறும் பத்திரம். பழக்கமே மெய்யான உரிமை என்று முடித்துவிடலாம். ஆனால் அதே அம்ஸ்டர்டாமின் சற்று முந்திய வரலாறு அம்முடிவைச் சிதைத்துவிடுகின்றது. 1940 மே மாதத்தில் நாசி ஜேர்மனி நெதர்லாந்தைக் கைப்பற்றியபோது அங்கே ஏறத்தாழ 1,40,000 யூதர் குடியிருந்தனர். அவர்களுள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் அகற்றப்பட்டதும் வீடுகளிலிருந்த தளபாடங்கள் ஏற்றிச் செல்லப்பட்டன. அவ்வேலையைச் செய்த நிறுவனத்தின் பெயரே 'புல்சன்' என்னும் புதிய வினையாகி, ஒருவன் வீட்டை வெறுமையாக்குதல் எனப் பொருள்தந்தது. குடியிருத்தலுக்கு நேர் எதிரானதொரு வினை அவ்வாறு மொழியிற் பிறந்தது.

அக்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் மறைவிடங்களில் ஒளித்திருந்தனர். பிறின்சன்கிறாக்ட் கால்வாயோரத்து 263ஆம் இலக்கக் கட்டடத்தின் பின்புறத்தில், 1942 ஜூலை 6ஆம் நாள் முதல் 1944 ஓகஸ்ட் 4ஆம் நாள் வரை ஆன் ஃபிராங்கின் குடும்பத்தினர் உட்பட எண்மர் மறைந்திருந்தமை உலகறிந்தது. கூரை இருந்தது, உணவு இருந்தது, நூல்கள் இருந்தன, இரண்டாண்டுப் பழக்கமும் இருந்தது. எனினும் பகலில் உரத்து நடக்கவும், திரையை விலக்கவும், குழாயைத் திறக்கவும் அவர்களால் இயலவில்லை. அவர்களது நிலையை ஒல்லாந்த மொழி 'ஒண்டர்டோய்கன்' எனக் குறித்தது. அடியில் மூழ்கியிருத்தல் என்பது அதன் பொருள். அவர்கள் உயிர்வாழ்ந்தனர், குடியிருக்கவில்லை. அவர்களுக்கு மறுக்கப்பட்டது இடமன்று, சாதாரணமாயிருத்தல். 'கெவோன்' என்னும் சொல் 'வோனன்' என்பதன் உறவு என்பது இங்கேதான் முழுப்பொருளோடு விளங்குகின்றது. குடியிருத்தல் என்பது, ஓரிடத்தில் எவருக்கும் விளக்கம் கூறாமற் சாதாரண மனிதனாக இருக்க முடிவதாகும்.

போர் முடிந்து உயிரோடு மீண்ட சிலர் தமது வீட்டுக் கதவைத் தட்டியபோது, உள்ளே வேறு குடும்பங்கள் குடியிருந்தன. அக்குடும்பங்கள் அங்கே பழகிவிட்டன. அவர்களது பிள்ளைகளுக்கு அந்த வீடே வீடாகிவிட்டது. பழக்கமே உரிமையெனின் கதவைத் தட்டியவனுக்கு எந்த நியாயமும் இல்லை. அதுமட்டுமன்று. மீண்டு வந்த யூதரிடமிருந்து அவர்கள் முகாம்களிற் கிடந்த ஆண்டுகளுக்குரிய நிலக்குத்தகைப் பணத்தையும், காலந்தாழ்த்தியமைக்கான தண்டத்தையும் அம்ஸ்டர்டாம் நகரசபை அறவிட்டது. அம்மாநகரசபை இத்தவற்றுக்கு ஈடாக ஒரு கோடி யூரோவை யூத சமூகத்துக்கு ஒதுக்க முடிவுசெய்தது 2016இலேயே ஆகும். அவர்கள் குடியிருக்க முடியாதவாறு செய்யப்பட்டமையைக் கணக்கேடு கவனிக்கவில்லை. உடைமை அவர்கள் பெயரில் இருந்தமையை மட்டுமே கவனித்தது. ஆகவே பழக்கம் மட்டும் அளவுகோலாகும்போது அநீதி விளைகின்றது. உடைமை மட்டும் அளவுகோலாகும்போதும் அநீதி விளைகின்றது.

இந்த இடர்ப்பாட்டை மெய்யியலாளர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பது நோக்கற்பாலது. 1951 ஓகஸ்ட் 5ஆம் நாள் ஜேர்மனியின் டாம்ஸ்ரட் நகரில் மார்ட்டின் ஹைடெகர், கட்டுதல், குடியிருத்தல், சிந்தித்தல் ஆகியன பற்றி ஆற்றிய உரை பெயர்பெற்றது. 'வோனன்' என்பதன் ஜேர்மன் இணையாகிய 'வோனென்' என்னும் சொல்லின் பழம்பொருள் அமைதியிற் காக்கப்பட்டிருத்தல் என அவர் வாதித்தார். வீட்டுப் பஞ்சம் உண்மையான இடர்ப்பாடன்று, மனிதர் குடியிருக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருப்பதே உண்மையான இடர்ப்பாடு என்பது அவரது கருத்து. இதில் ஆழமுண்டு, மறுப்பதற்கில்லை. வீடுகளைப் பெருக்கிவிட்டால் மனிதர் தாமாகவே வேரூன்றிவிடுவர் என்ற எண்ணத்தை அது தக்கவாறு கண்டித்தது. எனினும் குண்டுகளால் தகர்ந்த நகரங்களில் இலட்சக்கணக்கானோர் கூரையின்றி நின்ற வேளையில், 1933இல் நாசிக் கட்சியிற் சேர்ந்த ஒருவர் கூறிய கூற்று இது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அமைதியிற் காக்கப்பட்டிருத்தலைப் பேசிய அவ்வுரை, அவ்வமைதி யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதைப் பேசவில்லை. வேரூன்றலைப் புகழும் சிந்தனை, வேரற்றவர் எனச் சிலரைச் சுட்டும் சிந்தனையாக மாறுவதற்கு நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை.

மற்றொரு வழியை ஒல்லாந்து மண்ணிலேயே காணலாம். 1656 ஜூலை 27ஆம் நாள் அம்ஸ்டர்டாமின் யூத சமூகம் இருபத்து மூன்று வயதினரான ஸ்பினோசாவைத் தன்னிலிருந்து விலக்கியது. எவரும் அவரோடு ஒரே கூரையின்கீழ் இருக்கலாகாது என்பதும் அவ்விலக்காணையின் ஒரு பகுதியாகும். ஒருவனது வீட்டைப் பறிக்காமலே அவனது குடியிருப்பைப் பறிக்கலாம் என்பதை அவ்வாணையை வகுத்தோர் நன்கறிந்திருந்தனர். ஸ்பினோசா அதன்பின் றைன்ஸ்பேர்க்கிலும், வோர்பேர்க்கிலும், ஈற்றில் டென் ஹாக் நகரிலும் பிறர் வீடுகளில் அறையெடுத்துத் தங்கினார். 1677இல் ஓவியரொருவரின் வீட்டில் வாடகைக் குடியாகவே மறைந்தார். அவருக்கு உடைமையும் இல்லை; தலைமுறைப் பழக்கமும் இல்லை. அவர் குடியிருந்ததற்கு அடிப்படை, அவ்வீட்டார் அவரை இருக்கவிட்டமை; அயலார் அவரைச் சாதாரண மனிதராக ஏற்றுக்கொண்டமை.

போர்க்காலத்திற் கைதியாயிருந்த யூத மெய்யியலாளர் இமானுவேல் லெவினாஸ், டென் ஹாக்கில் 1961இல் வெளியான தமது பெருநூலில், இல்லம் என்பது முதலில் ஒருவனை வரவேற்கும் இடம் என்றும், அவ்வாறு வரவேற்கப்பட்டவனே பிறருக்குக் கதவைத் திறக்கவல்லான் என்றும் கருத்துரைத்தார். இக்கருத்தின் ஒளியில் நோக்குமிடத்து மேற்கூறிய இடர்ப்பாடு நெகிழத் தொடங்குகின்றது. எவனும் தானாக ஓரிடத்திற் பழகிக்கொள்வதில்லை; பிறரால் அமைதியோடு விடப்படும்போதே பழகுகின்றான். தாய் பழக்கிய பிள்ளையே வீட்டிற் பழகுகின்றது. அயலார் முகங்கொடுத்த வேற்றூரானே ஊரிற் பழகுகின்றான். எனவே பழக்கம் தனியொருவனின் சாதனையன்று, அது பெற்றுக்கொள்ளப்பட்டது. பெற்றுக்கொள்ளப்பட்ட ஒன்றை முழுதும் தன்னுடையதெனக் கூறிப் பிறனுக்கெதிராக நிறுத்துவது நியாயமாகாது.

இதிலிருந்து இரு முடிபுகள் பெறப்படும். முதலாவது, பழக்கம் உரிமையைத் தரும். ஆனால் பிறனது அமைதியைக் குலைத்துப் பெற்ற பழக்கம் தராது. நாடுகடத்தப்பட்டவன் வீட்டில் குடியமர்ந்தவன் எத்தனை ஆண்டு பழகினாலும், அப்பழக்கம் உரியவன் கதவைத் தட்டும் நாளிற் கூனிக்குறுகவே வேண்டும். அக்குடும்பத்துப் பிள்ளைகள் குற்றமற்றவராயின், அவர்களுக்கு வேறிடம் தேடிக்கொடுப்பது சமூகத்தின் கடன். அக்கடனை மீண்டு வந்தவனின் தலையிற் சுமத்தலாகாது. இரண்டாவது, உடைமையும் உரிமையைத் தரும். ஆனால் குடியிருத்தலுக்குத் துணைநிற்கும் அளவிலேயே அதற்கு அறவலிமை உண்டு. விலையேற்றத்தை எதிர்நோக்கிப் பூட்டப்பட்ட கதவும், வீடற்றவன் படுத்திருக்கும் படிக்கட்டும் அருகருகே இருக்கும்போது, சட்டம் எதுவாயினும், அப்பூட்டு விளக்கங் கூறக் கடமைப்பட்டுள்ளது.

விரும்புதலிற் தொடங்கி, நிறைவிலும் பழக்கத்திலும் வளர்ந்து, குடியிருத்தலில் வந்து நின்ற வினைச்சொல், தன் உறவினருள் சாதாரணம் என்னும் சொல்லையும் வைத்துள்ளது. கூட்டமொன்றுக்குச் சமுகமளித்தலையும் அதே மொழி பிறரோடு உடன் குடியிருத்தலாகவே குறிக்கின்றது. மனிதர் வீட்டைக் குறித்துப் பெரிதாக எதனையும் வேண்டுவதில்லை. மாலையில் விளக்கேற்றவும், திரையை விலக்கவும், அயலவன் பெயர் சொல்லி அழைக்கவும், அடுத்த நாளும் இவ்வாறே இருக்கும் என நம்பி உறங்கவும் விரும்புகின்றனர். இச்சாதாரணத்தைத் தனக்கு வேண்டுபவன், அதனை இழந்து தன் வாயிலில் நிற்பவனுக்கு மறுப்பதற்குக் காட்டவல்ல நியாயம் எது என்பதே அச்சொல் மீதமாக விட்டுச்செல்லும் வினாவாகும்.